பதினாறுக்குப் பதினாறில் ஓர் ஒடியல்

ஸ்டார்டியூ வெலி விளையாடுகிற எல்லோரும் முதல் நாள் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். தாத்தா விட்டுப்போன தோட்டத்தில் கல்லையும் களையையும் கொஞ்சம் அகற்றி, ஊர்த் தலைவர் தந்த 15 பாஸ்னிப் விதையை ஊன்றுவார்கள். பாஸ்னிப் என்ற கிழங்கை எங்களில் ஒருவரும் வாழ்க்கையில் கண்டதில்லை. ருபார்ப்பையும் கிரான்பெரியையும் கண்டதில்லை. ஆனாலும் நூற்றுக்கணக்கில் நட்டு வித்திருக்கிறம். எது எந்தப் பருவத்தில் வரும், எத்தனை நாளில் விளையும், என்ன விலைக்குப் போகும் எண்டு நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவம். ஒடியல் எப்படிச் செய்யிறது எண்டு கேட்டால் நாலு பேரும் ஆளையாள் பார்ப்பம்.

அதனால்தான் எங்கள் முதல் மொட்டுக்கு ஒடியலைத் தெரிந்தோம்.

பெயரை எப்படி எழுதுவது என்பதிலேயே முதல் சண்டை. 'வலி' என்று எழுதினால் நோவு. 'வேலி' என்று எழுதினால் கதியால். ஆகவே 'வெலி'. இந்தக் கேமை எரிக் பரோன் என்ற ஒற்றை மனிதர் நாலு வருசத்துக்கு மேலாகத் தனியே இருந்து செய்தார். படம், இசை, கதை, கோட் எல்லாம் அவர்தான். 2016 பெப்ரவரியில் வெளிவந்தது. ஒருத்தர் செய்த கேம் என்பதால், இன்னும் நாலு பேர் அதற்குள் கையை வைக்கலாம் என்ற துணிவு எங்களுக்கு வந்தது.

நாங்கள் நாலு பேரும் கலைப்பீடம், ஒரே பட்ச். ஒருத்தி புவியியல், ஒருத்தன் பொருளியல், ஒருத்தன் வரலாறு, ஒருத்தி தமிழ். நாலு பேருக்கும் சேர்த்து ஓடக்கூடிய லப்டொப் ஒன்று. கோட் எழுதத் தெரிந்தவர் எவருமில்லை. இதை ஏன் சொல்கிறோம் என்றால், மொட் செய்வது கணினி படிக்கிறவர்களின் வேலை என்று நினைத்து விலகி நிற்கிறவர்கள் நிறையப்பேர். கேமின் நடத்தையையே மாற்றுகிற மொட்டுகளுக்கு சி ஷார்ப் மொழி தெரிய வேண்டும், அது உண்மை. ஆனால் ஒரு புதிய பொருளை, ஒரு விதையை, ஒரு சமையலைச் சேர்க்க அது தேவையில்லை. எழுதத் தெரிந்தால் போதும்.

தேவையான சாமான் இவ்வளவுதான். கணினியில் ஓடுகிற கேம். அதன்மேல் ஸ்மாப்பி என்ற இலவச மென்பொருள், மொட்டுகளைக் கேமுக்குள் ஏற்றுவது அதுதான். ஸ்மாப்பியைப் போட்டதும் கேமின் கோப்புறைக்குள் 'மொட்ஸ்' என்று ஒரு கோப்புறை வரும். அதற்குள் கொன்டென்ட் பட்சர் என்ற இன்னொரு இலவச மொட்டை இறக்கி வைக்க வேண்டும். கேமின் தரவுகளை நாங்கள் எழுதுகிற குறிப்புகளின்படி மாற்றித் தருவது இதன் வேலை. பிறகு எழுத ஒரு சாதாரண எடிட்டர், படம் கீற ஒரு செயலி. லிப்ரஸ்பிரைட், பிஸ்கல் இரண்டும் இலவசம்.

உங்கள் மொட் என்பது ஒரு கோப்புறை. அதற்குள் இரண்டு ஜேசன் கோப்பு, ஒரு படக் கோப்புறை. முதல் கோப்பு மனிபெஸ்ட். அது மொட்டின் அடையாள அட்டை மாதிரி. பெயர், செய்தவர், பதிப்பு எண், உலகத்தில் வேறெவருக்கும் இல்லாத ஒரு தனி அடையாளம், இது கொன்டென்ட் பட்சருக்கு உரியது என்ற ஒரு வரி. இரண்டாவது கோப்பு கொன்டென்ட். எந்தப் படத்தை ஏற்ற வேண்டும், எந்தத் தரவில் எதைச் சேர்க்க வேண்டும் என்று அங்கேதான் எழுதுவீர்கள்.

இணையத்தில் தேடும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2024 மார்ச்சில் கேமின் 1.6 பதிப்பு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்தான் அடையாளம். இரண்டு மொட்டுகள் ஒரே எண்ணைப் பிடித்தால் இரண்டும் அடிபடும். பொருளின் விபரங்களும் சாய்கோடு போட்டுப் பிரித்த ஒரே நீள வரியாக இருந்தன. 1.6க்குப் பிறகு அடையாளம் எழுத்தில், விபரம் ஒவ்வொன்றும் தனித்தனி வரியில். ஆகவே 'ஒப்ஜெக்ட் இன்பர்மேசன்' என்ற கோப்பைத் திறக்கச் சொல்லுகிற பாடம் எதுவானாலும் அது பழசு, மூடிவிடுங்கள். இப்போது அதன் பெயர் வெறும் 'ஒப்ஜெக்ட்ஸ்'.

ஒரு பொருளைச் சேர்ப்பதென்றால் அந்த ஒப்ஜெக்ட்ஸ் தரவில் ஒரு பதிவு எழுத வேண்டும். பெயர் என்ன? விளக்கம் என்ன? எந்த வகை? என்ன விலை? தின்னலாமா, தின்றால் எவ்வளவு பலம்? படம் எங்கே? கிட்டத்தட்ட ஒரு விண்ணப்பப் படிவம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சொல் அல்லது ஓர் எண் போதும். அரை மணித்தியாலத்தில் முடிக்கலாம் என்று இருந்தோம். இரண்டு கிழமை எடுத்தது. ஜேசன் கஷ்டம் என்பதால் இல்லை. கேள்விகளுக்கு எங்களிடம் விடை இருக்கவில்லை.

'தின்னலாமா' என்ற கேள்வியை எடுங்கள். ஆங்கிலத்தில் எடிபிலிட்டி. நீங்கள் போடுகிற எண்ணை 2.5ஆல் பெருக்கினால் வருவது கிடைக்கும் சக்தி. பாஸ்னிப்புக்கு 10, அதனால் 25 சக்தி. யாம் கிழங்குக்கு 18, அதனால் 45. தின்னவே முடியாத பொருளுக்கு கழித்தல் 300. பனங்கிழங்குக்கு என்ன போடுவது? பொருளியல்காரன் "யாம் மாதிரி 18 போடு" என்றான். அவித்த கிழங்கைத் தின்றிருக்கிறோம். பச்சைக் கிழங்கை? இந்த இடத்தில்தான் புவியியல்காரி தென்மராட்சியில் இருக்கிற தன் அம்மம்மாவுக்கு அழைப்பெடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மம்மா, பனங்கிழங்கைப் பச்சையாத் தின்னலாமோ?"

"ஆரு பிள்ளை பச்சையாத் தின்னுறது? அவிச்செல்லோ தின்னுறது. ஏன், அங்க சாப்பாடில்லையே?"

"இல்லையம்மம்மா, ஒரு கேமுக்கு. பாத்தி எப்ப போடுறனீங்கள்?"

"கம்பசில உதும் படிப்பிக்கினமோ? ஆவணி, புரட்டாதியில பழம் விழும். பொறுக்கிப் பிசைஞ்சு பனாட்டுப் போட்டிட்டு, கொட்டையைப் பாத்தியில அடுக்கி மண் போடுறது. பிறகென்ன, மழை பாத்துக்கொள்ளும். பொங்கலோட கிண்டலாம்."

"தண்ணி விடுறேல்லையோ?"

"மாரியில ஆர் பிள்ளை தண்ணி விடுறது?"

அந்த ஐந்து நிமிசக் கதையில் எங்கள் படிவத்தின் பாதி நிரம்பியது. பச்சைக் கிழங்குக்குக் கழித்தல் 300. பயிர்த் தரவில் 'தண்ணீர் தேவையா' என்று ஒரு கேள்வி உண்டு. பொதுவாக எல்லாப் பயிருக்கும் ஆம். நாங்கள் இல்லை என்று போட்டோம். இந்தக் கேமில் காலையில் எழும்பியதும் வாளியோடு தண்ணீர் ஊற்றித் திரிவதுதான் பாதி வேலை. எங்கட பாத்திக்கு அது வேண்டாம், மழை பார்த்துக்கொள்ளும்.

பருவம் அடுத்த சிக்கல். கேமில் நாலு பருவம், ஒவ்வொன்றும் 28 நாள், ஒரு வருசம் 112 நாள். வசந்தம், கோடை, இலையுதிர், பனிக்காலம். யாழ்ப்பாணத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் இருக்கிறதுதான். ஆனால் புவியியல்காரி ஒரு கணக்குச் சொன்னாள். அங்கே ஒரு பருவம் என்றால் இங்கே மூன்று மாதம். புரட்டாதி கடைசியில் போட்டுப் பொங்கலோடு கிண்டுகிற கிழங்குக்கு மூன்று, மூன்றரை மாதம். அப்படியானால் 28 நாள். இலையுதிரின் நடுவில் போட்டு, பனிக்காலத்தின் நடுவில் கிண்ட வேண்டும். ஒரு பயிருக்கு இரண்டு பருவத்தையும் எழுதிவிட்டால், பருவம் மாறுகிற இரவு அது பட்டுப்போகாது. வெளியில் கிட்டத்தட்ட ஒன்றும் விளையாத பனிக்காலத்தில், எங்கட பாத்தி மட்டும் மண்ணுக்குள் வேலை செய்துகொண்டிருக்கும்.

விதையைப் பியர் கடையில் விற்கலாமா என்று யோசித்தோம். கடைகளின் சரக்குப் பட்டியலில் சேர்ப்பது லேசு. ஆனால் பனங்கொட்டையை ஆர் காசு குடுத்து வாங்குறது? நிலத்தில் கிடப்பதைப் பொறுக்குவதுதானே. இடங்களின் தரவில் 'எந்தப் பருவத்தில் எந்தப் பொருள் தரையில் கிடக்கும், எத்தனை வீத வாய்ப்பு' என்று எழுத ஒரு பகுதி இருக்கிறது. அங்கே சேர்த்தோம். இலையுதிர் காலத்தில் காட்டுப்பக்கம் போனால் கொட்டை கிடக்கும். பொறுக்குகிறவருக்குத்தான் கிழங்கு.

படம் கீறுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அங்கேதான் பயந்து நிற்கிறார்கள். ஒரு பொருளின் படம் 16 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். மொத்தம் 256 சதுரம். கேம் அதை நாலு மடங்கு பெருப்பித்துத் திரையில் காட்டும். நல்லாய்க் கீறத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இந்த அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. பின்னணி வெறுமையாக இருக்கிற பிஎன்ஜி கோப்பு வேண்டும். நிறம் நாலைந்து போதும். ஒரே நிறத்தின் இருள், நடு, வெளிச்சம் என்று மூன்று, கரைக்குக் கடுமையான ஒன்று. கரைக்குக் கறுப்பைப் போடாதீர்கள், அந்தப் பொருளின் நிறத்திலேயே இருண்டதைப் போடுங்கள். கேமின் மற்றப் பொருட்களோடு வைத்துப் பார்க்கும்போது அதுதான் ஒட்டும்.

ஒடியல் என்பது நீளவாக்கில் கிழித்துக் காய வைத்த கிழங்கு. வெளிறிய மஞ்சள், ஓரத்தில் ஒரு கபில நிறம், வெயிலில் வளைந்த வளைவு. முதலில் வந்தது பொரித்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. இரண்டு துண்டைக் குறுக்காக வைத்து, கீழே பாயின் ஒரு மூலையைக் காட்டினதும் ஒடியலாகிவிட்டது. பயிரின் படத்துக்கு அகலம் 128, உயரம் 32 புள்ளி. அதற்குள் முளை விடுவதிலிருந்து விளைச்சல் வரை எட்டுக் கட்டம். மற்றப் பயிர்களுக்கு இலை, தண்டு, பூ என்று கீறிக் களைத்துப் போக வேண்டும். பாத்திக்கு மண். பிறகும் மண். கடைசிக் கட்டத்தில் ஒரு சின்ன வெடிப்பு, நுனியில் ஒரு பச்சை. வரலாற்றுக்காரன் பார்த்துவிட்டு "ஒண்டும் முளைக்கேல்லையே" என்றான். முளைச்சால் வெளியில தெரியாது எண்டதுதான் விசயம்.

இனி வகை. இந்த ஒரு எண்ணில்தான் ஒரு முழு இரவு போனது. கேமில் வகைகளுக்குக் கழித்தல் எண்கள். மரக்கறி என்றால் கழித்தல் 75. பழம் என்றால் கழித்தல் 79. கையால் பதப்படுத்திய பொருளுக்கு, அதாவது பாற்கட்டி, வைன், ஊறுகாய் போன்றவைக்கு, கழித்தல் 26. இதில் என்ன சண்டை என்று கேட்பீர்கள். தோட்ட வேலையில் பத்தாம் படிக்கு வருகிற ஆட்டக்காரர் 'கைவினைஞர்' என்ற தொழிலைத் தெரிந்தால், கழித்தல் 26 வகைப் பொருளெல்லாம் 40 வீதம் கூடின விலைக்குப் போகும். கிழங்கைக் காய வைப்பது கைவினையா? பொருளியல்காரன் இல்லை என்றான். வெயில் காய வைக்கிறது, மனிசர் என்ன செய்தவை? புவியியல்காரி பேசவில்லை, திரும்பவும் அழைப்பெடுத்தாள்.

அம்மம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். கிழங்கு கிண்டுறது. தோல் உரிக்கிறது. ரண்டாக் கிழிக்கிறது. விரிச்சுக் காய விடுறது. மழைக்குணம் கண்டால் ஓடிப்போய் அள்ளுறது, வெயில் எறிச்சால் திரும்ப விரிக்கிறது. நல்லாக் காஞ்சாத்தான் பழுதுபடாது. மாவாக்கினால் தண்ணியில ஊற வைச்சுக் கயர் போகப் பிழியிறது. "விரல் நுனியெல்லாம் வெடிச்சுப்போகும் பிள்ளை," எண்டார், ஒரு முறைப்பாடாக இல்லாமல், கணக்கில் அதையும் சேர்க்கிற மாதிரி. அழைப்பு முடிந்ததும் பொருளியல்காரன் தானே கழித்தல் 26 என்று அடித்தான்.

விலையும் அப்படித்தான். பாஸ்னிப் 35, உருளைக்கிழங்கு 80, யாம் 160. கிழங்குக்கு உருளைக்கிழங்கின் 80ஐ வைத்தோம், அதில் பிரச்சினை வரவில்லை. ஒடியலை என்ன விலைக்கு வித்தனீங்கள் என்று அம்மம்மாவிடம் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. "கிழங்கு சந்தைக்குப் போகும். ஒடியல் வீட்டுக்கு. கொழும்புக்குப் போறாக்கள், வெளியால போறாக்கள் எண்டால் ஒரு பையில கட்டிக் குடுத்து விடுறது." இண்டைக்கு ஒடியலும் ஒடியல் மாவும் பைக்கற்றில், விலை ஒட்டி, கடையில் இருக்கிறதுதான். எங்களிலும் ரண்டு பேர் அப்படி வாங்கித்தான் பார்த்திருக்கிறோம். ஆனாலும் அவர் சொன்ன ஒடியல் குடுத்து விடுகிற சாமான். அதை எண்ணில் எப்படி எழுதுவது?

இப்படி எழுதினோம். ஐந்து கிழங்குக்கு ஓர் ஒடியல். ஐந்து கிழங்கை அப்படியே வித்தால் 400. ஒடியலுக்கு 450 போட்டோம். விக்கிறவருக்குப் பெரிய லாபமில்லை. ஆனால் இந்தக் கேமில் ஊர்ச் சனத்துக்குப் பரிசு கொடுக்கலாம். ஒவ்வொருவருக்கும் எது மிகப் பிடிக்கும், எது பிடிக்கும், எது பிடிக்காது என்று ஒரு பட்டியல் தரவில் இருக்கிறது. மிகப் பிடித்ததைக் கொடுத்தால் நட்பு 80 புள்ளி கூடும், 250 புள்ளிக்கு ஒரு இதயம். அதில் பொருளின் விலைக்கு வேலையே இல்லை. மலையடியில் கூடாரத்தில் இருக்கிற லைனஸ் என்பவருக்கு ஏற்கெனவே தேங்காயும் யாம் கிழங்கும் மிகப் பிடிக்கும். அப்படியான ஆளுக்கு ஒடியல் பிடிக்காமல் விடுமா? எழுதிவிட்டோம். விக்கிறதை விடக் குடுக்கிறதுதான் பிரயோசனமான ஒரு பொருளாக அது வந்துவிட்டது.

காய வைக்கிறதுக்கு 1.6இல் வந்த டிஹைட்ரேற்றர் என்ற பெட்டியைப் பாவித்தோம். பழங்களையும் காளானையும் காய வைக்கிற பெட்டி அது. இயந்திரங்களின் தரவில், 'இதைப் போட்டால் இது வரும்' என்று புதிய விதி சேர்க்கலாம், விதிக்கு நிபந்தனையும் போடலாம். நாங்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: இன்றைக்கு வெயில் எறிக்க வேண்டும். மழை நாளில் கிழங்கைப் பெட்டிக்குள் போட்டால் அது எடுக்காது. விளையாடுகிறவர் ஒருவேளை இதைப் பிழை என்று நினைக்கலாம். அதனால் விளக்கத்தில் 'வெயில் நாளில் காய விடவும்' என்று ஒரு வரி எழுதினோம்.

கடைசியாகக் கூழ். சமையல் தரவில் தேவையான பொருளும் அளவும் வரிசையாக எழுத வேண்டும். நண்டு, இறால், கணவாய், மிளகாய் எல்லாம் கேமில் ஏற்கெனவே உண்டு. மீனுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. குறிப்பிட்ட மீனின் அடையாளத்தை எழுதாமல், கழித்தல் 4 என்று போட்டால் 'எந்த மீனும்' என்று பொருள். அண்டைக்கு என்ன மீன் வந்ததோ அதுதான் எங்கட வீட்டுக் கூழிலும். ஒரு தரம் சமைத்தால் எத்தனை வரும் என்றும் அங்கே சொல்லலாம். கேமின் சமையல்களில் பெரும்பாலும் ஒன்றுதான் வரும். ஒருத்தருக்குக் கூழ் காய்ச்சுகிற வீட்டை நாங்கள் கண்டதில்லை. ஆறு என்று போட்டோம். வின்சென்ட் என்ற சின்னப் பொடியனுக்குக் கூழ் பிடிக்காது என்றும் போட்டோம். எங்கட வீட்டுச் சின்னனுகளும் முதலில் அப்படித்தான் முகத்தைச் சுளிக்கிறது.

செய்யாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. பனைமரம். ஒரு மரத்தைச் சேர்ப்பது கேமில் கஷ்டமில்லை, பழமரங்களுக்கென்றே தனித் தரவு இருக்கிறது. அங்கே ஒரு பழமரம் 28 நாளில் பெரிதாகிவிடும். பனை காய்க்க 12 தொடக்கம் 20 வருசம் எடுக்கும். நடுவில் 15 என்று வைத்தாலும் கேமின் நாட்காட்டியில் 1680 நாள். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 14 நிமிசம், ஆகவே 392 மணித்தியாலம் விளையாட வேண்டும். போர்க்காலத்தில் பங்கர் மூட எத்தனை பனை தறிபட்டது என்பது வரலாற்றுக்காரன் தன் ஊரில் கேட்டு வளர்ந்த கதை. "28 நாளில வளருற பனையைச் செய்தால், தறிச்சது ஒரு விசயமே இல்லை எண்டு ஆகிடும்" என்றான். மற்ற மூன்று பேரும் மறுத்துக் கதைக்கவில்லை. மரம் எப்போதோ ஆரோ நட்டது. நாங்கள் கீழே கிடக்கிற கொட்டையை மட்டும் பொறுக்குகிறோம்.

தமிழ்க்காரிக்கு வந்த வேலை பெயர். ஆங்கிலத்தில் 'உலர்ந்த பனைக்கிழங்கு' என்று மொழிபெயர்த்துப் போடலாமா என்று முதலில் யோசித்தோம். அவள் கேமின் சமையல் பட்டியலைக் காட்டினாள். சஷிமி, மாகி ரோல், டொம் கா சூப். எவரும் மொழிபெயர்க்கவில்லை. ஒடியலும் கூழும் மட்டும் ஏன் விளக்கம் சொல்லிக்கொண்டு உள்ளே போக வேண்டும்? ஆங்கில எழுத்தில் ஒடியல் என்றே எழுதினோம். விளக்கம், விளக்கத்துக்குரிய இடத்தில்.

ஆனால் தமிழ் எழுத்தில் எழுதினால்? இங்கேதான் உண்மையான சுவர் இருக்கிறது. கேமில் 12 மொழி உண்டு, தமிழ் இல்லை. 1.5.5 பதிப்பிலிருந்து மொட் மூலம் புதிய மொழியைச் சேர்க்க வழி இருக்கிறது. அதற்கு எழுத்துரு ஒன்றைப் படமாகச் செய்து கொடுக்க வேண்டும். ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் ஒரு சின்னப் படம், கேம் அவற்றை இடமிருந்து வலமாக அடுக்கும். ஆங்கிலத்துக்கு இது போதும். தமிழுக்குப் போதாது. யூனிகோட்டில் 'கெ' என்பது முதலில் க, பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னுக்குக் கொண்டுவந்து காட்டுவது உங்கள் போனில் இருக்கிற எழுத்து அமைக்கும் மென்பொருள். கேமில் அது இல்லை. ஆகவே கொம்பு பின்னால் போய் நிற்கும். 'கு', 'கூ' எல்லாம் ஒட்டாமல் பிரிந்து கிடக்கும். சிங்களத்துக்கும் இதே கதிதான்.

வழி இல்லாமல் இல்லை. எங்கட அப்பா அம்மா காலத்துப் பாமினி எழுத்துருவை நினைத்துப் பாருங்கள். அதில் கொம்பை முதலில் அடித்து, பிறகு 'க' அடிப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற வரிசைதான் அடிக்கிற வரிசை. யூனிகோட் வந்ததும் பழசு என்று நாங்கள் ஒதுக்கினது அந்த முறையைத்தான். இந்தக் கேம் மாதிரியான இடத்துக்கு அதுதான் சரிவரும். 'கு', 'டு' போன்ற உருவம் மாறுகிற எழுத்துகளுக்குத் தனித்தனிப் படம் கீறி, கொம்பைப் பார்வை வரிசையில் வைத்து எழுதினால் தமிழ் தமிழாகத் தெரியும். தமிழ்க்காரி உகர, ஊகார வரிசைகளைக் கீறத் தொடங்கியிருக்கிறாள்.

நீங்கள் தொடங்குவதென்றால் சின்னனாகத் தொடங்குங்கள். ஒரு பொருள், ஒரு படம், ஒரு பதிவு. காற்புள்ளி ஒன்று விடுபட்டாலும் ஜேசன் கோப்பு முழுவதும் வாசிபடாது. வட்ஸ்அப்பில் அனுப்பின எழுத்தை வெட்டி ஒட்டாதீர்கள், வளைந்த மேற்கோள் குறி வந்து சேர்ந்துவிடும். ஸ்மாப்பியோடு திறக்கிற கறுப்புச் சாளரத்தில் சிவப்பாக ஏதும் ஓடினால் பயப்படாமல் வாசியுங்கள். எந்தக் கோப்பில் என்ன சிக்கல் என்று அங்கேயே இருக்கும். ஸ்மாப்பியின் இணையத்தளத்தில் ஜேசனைச் சரிபார்க்கவும் இடம் உண்டு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் கேமை மூடித் திறக்கத் தேவையில்லை, அந்தச் சாளரத்தில் 'பட்ச் ரீலோட்' என்று அடித்து மொட்டின் அடையாளத்தைக் கொடுத்தால் திரும்ப வாசிக்கும். பெயர்களையும் விளக்கங்களையும் முதல் நாளிலிருந்தே தனி மொழிக் கோப்பில் வையுங்கள், பிறகு மொழி சேர்ப்பது லேசு.

எதைச் செய்வது என்று யோசிக்கிறீர்களா? மலையகத்தில் இருந்து வாசிக்கிறவர்கள், ரொட்டியையும் சம்பலையும் உங்கள் வீட்டு அளவோடு எழுதுங்கள். மட்டக்களப்பில் இருப்பவர்கள் கட்டித் தயிரை எழுதுங்கள், பாலும் மாடும் கேமில் ஏற்கெனவே இருக்கின்றன. மன்னார்க்காரர் கருவாட்டுக்கு எங்கட வெயில் விதியை அப்படியே எடுக்கலாம். படிவம் கேட்கிற கேள்விக்கு விடை தெரியாவிட்டால், தெரிந்த ஆள் ஒருவர் உங்கள் வீட்டில் இருப்பார். இப்பவே கேட்பது நல்லது.

எங்கட மொட்டில் இரண்டாம் பதிப்புக்கு இன்னும் வேலை இருக்கிறது. அவித்துக் காய வைக்கிற புழுக்கொடியல் இல்லை. ஒடியலை மாவாக்க மில்லுக்கு விதி எழுதவில்லை. மாவாக்காமல் நேரே கூழ் காய்ச்சுகிறோம் என்று அம்மம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. மொழிக் கோப்புறைக்குள் ஆங்கிலக் கோப்புக்குப் பக்கத்தில் தமிழ்க் கோப்பும் இருக்கிறது. பனங்கொட்டை, பனங்கிழங்கு, ஒடியல், கூழ் நாலையும் ஒழுங்காக எழுதி, அம்மம்மா சொன்ன சொற்களிலேயே விளக்கமும் எழுதி வைத்திருக்கிறோம். எழுத்துரு முடிகிற வரைக்கும் கேம் அதை வாசிக்காது. எழுத்துக் கீற வரக்கூடியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், உகர வரிசையே இன்னும் பாதி கிடக்கிறது.